'ரேஸ்' என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

பிள்ளையின் பிறப்பைப் பதியும்போதும் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் எம்மில் பலரைத் தடுமாற வைக்கும் ஆங்கிலச் சொல் 'ரேஸ்'. பக்கத்திலேயே 'ரிலிஜன்' என்றும் ஒரு கட்டம் இருக்கும். சிலர் இரண்டிலும் 'இஸ்லாம்' என்றே எழுதிவிடுகிறார்கள்.

ஓட்டப் பந்தயத்தைக் குறிக்கும் 'ரேஸ்' வேறு சொல். அது ஸ்கண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது. வம்சம், இனம் என்ற பொருளுடைய 'ரேஸ்' 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. எழுத்து மட்டுமே ஒன்று.

எமது நாட்டில் இந்தக் கட்டத்துக்கான விடை 'இலங்கைச் சோனகர்'. மலாய் வம்சத்தவர் என்றால் 'மலாயர்'. முஸ்லிம் என்பது மார்க்கத்தைச் சார்ந்த பெயர். 2012 குடிசன மதிப்பில் இலங்கைச் சோனகர் 9.3 சதவீதம், இஸ்லாத்தைப் பின்பற்றுவோர் 9.7 சதவீதம். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இதுவே போதும். தந்தையின் சான்றிதழில் 'இலங்கைச் சோனகர்' என்றும் பிள்ளையினதில் 'முஸ்லிம்' என்றும் இருந்தால், ஆவணங்களை ஒப்பிடும் அதிகாரி நாளை கேள்வி எழுப்ப இடமுண்டு.

வெறும் கட்டம்தானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் கட்டுரை வாசித்தார். சட்டநிரூபண சபையில் சோனகருக்குத் தனி ஆசனம் தேவையா என்ற விவாதம் சூடாக இருந்த காலம் அது. மறு வருடமே எம்.சி. அப்துல் ரஹ்மான் அந்தச் சபைக்கு நியமிக்கப்பட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் இராமநாதனுக்கு எழுதிய மறுப்பு நூலாகவே வெளிவந்தது. மொழி தமிழ் என்பதால் இனமும் தமிழ்தானா என்பதே சண்டை. ஒரு சொல்லின் பொருளில் ஒரு சமூகத்தின் பிரதிநிதித்துவம் தங்கியிருந்தது.

கடல் கடந்தால் கதை மாறும். அமெரிக்கப் படிவங்களில் 'ரேஸ்' என்றால் வெள்ளையர், கறுப்பர், ஆசியர் என்ற பிரிவுகள். அங்கே 'சோனகர்' என்ற தெரிவே இராது. 'ஆசியர்' என்பதைத் தெரிவு செய்யலாம். பிரித்தானியாவில் 'எத்னிக் குரூப்' என்று கேட்பார்கள். 'வேறு ஆசியப் பின்னணி' என்ற வரியில் எம்மவர் அடங்குவர். சில படிவங்களில் 'சொல்ல விரும்பவில்லை' என்ற தெரிவும் உண்டு. அதையும் தயங்காமல் பயன்படுத்தலாம்.