காலையில் கற்று மாலையில் மேடையேற்றம்

இங்கிலாந்துத் தேவாலயங்கள் சிலவற்றில் சனிக்கிழமை காலை கூடுவோர், தாம் முன்பு பாடியிராத இசைநாடகமொன்றைக் கற்று அன்று மாலையே மேடையேற்றிவிடுகின்றனர். குரல் தேர்வு கிடையாது. விரும்பியவர் வரலாம்.

1974இல் லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில், ஹண்டலின் 'மெசியா'வைப் பாட ஆர்வமுள்ள எவரும் அழைக்கப்பட்டனர். ஆனால் 'மெசியா' பலருக்கும் ஏற்கெனவே பழக்கமானது. புதியதொன்றை ஒரே நாளில் கற்பதற்கு எளிய கூட்டுப்பாடல்கள் வேண்டும். பேர்மிங்ஹாமில் இசை ஆசிரியராயிருந்த ரொஜர் ஜோன்ஸ், விவிலியக் கதைகளைச் சாதாரண குரல்களுக்கேற்ற இசைநாடகங்களாக எழுதினார்.

தனிப்பாடகர்களும் வாத்தியக்காரரும் முன்னரே தயாராகிவிடுவர். மற்றவர்கள் நடத்துநர் பாடும் வரியைத் திருப்பிப் பாடிப் பழகுவர். இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர் பக்கத்திலிருப்பவரின் குரலைப் பற்றிக்கொள்வார். (பெரும்பாலும் அதுவே போதும்.) மதிய உணவின் பின் முழு ஒத்திகை. மாலையில் வீட்டாரும் அயலாரும் வந்து அமர்வர்.

இதில் என்னைக் கவர்ந்தது இசையல்ல, நேரம். வழமையான பாடகர் குழுவில் சேர்வதென்றால் வாரந்தோறும் ஒரு மாலைப்பொழுது வேண்டும். அந்நேரம் அடுப்படியிலும் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களோடும் நிற்கும் பெண், நல்ல குரலிருந்தும் பாடுவதை விட்டுவிடுகிறாள். ஒரு நாளை எப்படியாவது ஒதுக்கலாம். ஐம்பது மாலைகளை ஒதுக்க முடியாது.

வாராவாரம் கிடைக்கும் தோழமையை இந்த ஒரு நாள் தராது என்பது உண்மையே. அந்த ஒரு நாளுக்கும் பிள்ளையைப் பார்க்க ஆள் தேவை. சிறுவர்களையும் பாடகர்களாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். அங்கே தாயும் பிள்ளையும் ஒரே பாட்டைப் பாடியபடி வீடு திரும்புகின்றனர்.