கண் சோர்வு ஏன் வருகிறது?

கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்காலையில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம்மவர்களில் ஏராளம். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகு பிழைப்புக்கு வேறு வழி ஏது? போகும்போதும் வரும்போதும் கையில் செல்போன். நடுவே ஆபீசில் கம்ப்யூட்டர். இரவில் கண் எரிகிறது, நெற்றி வலிக்கிறது என்றால் அதில் ஆச்சரியமில்லை.

கண்ணுக்குள் இருக்கும் வில்லையைச் சுற்றி ஒரு தசை வளையம் உண்டு. கிட்டத்தில் பார்க்கும்போது அது இறுகி வில்லையைத் தடிக்கச் செய்கிறது. தூரத்தில் பார்த்தால் தளர்கிறது. ரயில்வேயில் பார்வைச் சோதனைப் பலகையை 6 மீட்டர் தூரத்தில் வைப்பதன் காரணமும் இதுதான். அங்கிருந்து வரும் ஒளிக்கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருவதால் தசைக்கு வேலையில்லை. ஒரு அடி தூரத்தில் போனைப் பிடித்தால், தசை இறுகியே நிற்க வேண்டும். இரு விழிகளும் மூக்குப் பக்கம் திரும்பியே நிற்க வேண்டும். சிறு வாளித் தண்ணீரைக் கையில் தூக்கியபடி நிற்பது போலத்தான்: பாரம் பெரிதல்ல, நேரம்தான் பெரிது. ஆடும் ரயிலில் எழுத்தும் சேர்ந்து ஆடுவதால் இன்னும் சிரமம்.

இன்னொன்று, இமை. சாதாரணமாக நிமிடத்துக்குப் 15 தடவைபோல் கொட்டுகிறோம். திரையைப் பார்க்கையில் அது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். கண்ணீர்ப் படலம் காய்ந்து உறுத்துகிறது. ஜன்னல் காற்று அதை மேலும் காய வைக்கும்.

20 நிமிடத்துக்கு ஒரு தரம், 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பாருங்கள். தங்கவயலில் தூரத்துப் பொருளுக்கா பஞ்சம்? சயனைடு மேட்டைப் பார்த்தாலும் போதும். வேண்டுமென்றே இமை கொட்டுங்கள். மங்கல் வெளிச்சத்தில் படித்தால் கண் கெட்டுவிடாது, சோர்வுதான் வரும். ஆகவே விளக்கு நன்றாக இருக்கட்டும்.

நாற்பதைத் தாண்டியவர்கள் சிலர், கண்ணாடி போட்டால் அதுவே பழகிவிடும் என்று தள்ளிப்போடுகிறார்கள். வீண் பிடிவாதம். போட்டாலும் போடாவிட்டாலும் வெள்ளெழுத்து கூடத்தான் செய்யும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்கு அதிக விலை கொடுக்க வேண்டாம்; அது சோர்வைக் குறைப்பதாக 2023-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் ஆதாரம் கிடைக்கவில்லை.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துதான் எனக்குக் கவலை. சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். எரிச்சல் உடனே அடங்கும். தொடர்ந்து விட்டால் கண்ணின் உள் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு சத்தமில்லாமல் சேதமாகும். அப்படிப் போன பார்வை திரும்பாது. டாக்டர் சீட்டு இல்லாமல் எதையும் கண்ணில் விடாதீர்கள். விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கடும் வலி, திடீர் மங்கல் இவை வெறும் சோர்வு அல்ல; அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.