கடை எடுக்கும் முன் ஊரைக் கணக்குப் பாருங்கள்

"வாப்பா, கல்முனையில ஒரு கடை வருது. கடன் எடுத்து முற்பணம் கட்டுவமா?" என்று மகன் கேட்டான். மாவடிப்பள்ளியில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கும் எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் யோசித்து அவனுக்குச் சொன்னதையே வியாபாரச் சகோதரர்களுக்கும் எழுதுகிறேன்.

வெளியூரார் வந்தே ஆகவேண்டும் என்ற ஒரு காரணம் இருக்கும் வரைதான் ஒரு நகரம் வளரும். அந்தக் காரணம் இடம் மாறினால் வியாபாரமும் கூடவே போய்விடும்.

காலி நகரத்தைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்ற அங்குதான் தரித்தன. ஆனால் அத்துறைமுகத்தில் பாறை ஆபத்து இருந்தது. மலைநாட்டு ரயிலோ 1867இலேயே கொழும்பைக் கண்டியுடன் இணைத்துவிட்டது. 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணை வேலை தொடங்கி 1885இல் முடிந்தது. கப்பல்கள் கொழும்புக்கு மாறின. காலியில் கோட்டை நின்றது, வியாபாரம் போனது. பின்னாளில் சுற்றுலா என்ற புதிய காரணம் கிடைத்த பிறகே கோட்டைக்குள் மீண்டும் காசு புழங்கியது.

இனி நமது பகுதிக்கு வருவோம். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியதோடு அம்பாறை நகரம் எழுந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கி, கச்சேரியையும் அங்கேயே வைத்தார்கள். கச்சேரி அலுவல் என்றால் கரையோர மக்கள் மாவடிப்பள்ளி வீதியால் அம்பாறைக்குப் போகிறார்கள். ஆனால் கல்யாணப் புடவைக்கும் நகைக்கும் கல்முனைக்கே வருகிறார்கள். சனம் நெருங்கி வாழ்வது கரையோரத்தில். வெள்ளாமைப் பணம் இறங்குவதும் இங்கேதான். கச்சேரியை ஓர் உத்தரவால் மாற்றலாம், சந்தையை அப்படி மாற்ற முடியாது.

ஒலுவிலும் அதையே சொல்கிறது. 2013இல் துறைமுகம் திறந்தார்கள். வாயிலை மணல் அடைத்தது, எதிர்பார்த்த சரக்குக் கப்பல்கள் வரவில்லை, பக்கத்துக் கரையைக் கடல் அரித்தது.

அதற்காகக் கல்முனை அசையாது என்று நினைக்க வேண்டாம். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தபோது விளைச்சல் விழுந்தது; எனது கடன் கொப்பி தடித்தது. 2024 நவம்பரில், உயிர்களையும் பறித்த அந்த வெள்ளம் மாவடிப்பள்ளி வீதியை மறித்தபோது, கடைக்குச் சரக்கும் வரவில்லை, ஆளும் வரவில்லை. நெல்லும் வீதியும்தான் நமது சந்தையின் உயிர்நாடி.

ஆகவே மகனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் ஒரு கிழமை, கையில் காசில்லாத காலத்தில் ஒரு கிழமை அந்தக் கடைக்கு முன்னால் நின்று பார்க்க வேண்டும். எத்தனை பேர் வெளியூரிலிருந்து வருகிறார்கள்? எதற்காக வருகிறார்கள்? அந்தத் தேவை வேறிடத்தில் தீர்ந்தால் திரும்பவும் வருவார்களா? காசில்லாத காலத்து வருமானத்தில் கடன் தவணையைக் கட்ட முடிந்தால் மட்டும் கடையை எடுக்கலாம்.

வெட்டுக் காலத்துக் கூட்டத்தைப் பார்த்து முற்பணம் கட்டி நொடித்தவர்கள் நமக்குள் பலர். அந்தக் கணக்கில் இன்னொருவர் கூட வேண்டாம்.