இறங்கும்போது சைக்கிள், ஏறும்போது மோட்டார் வண்டி

மோட்டார் வண்டி வாங்கப் புறப்படும் ஒருவர் முதலில் நிறத்தைப் பார்க்கிறார். பின்பு விலையைக் கேட்கிறார். அதன்பின், "ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?" என்று வினவுகிறார். தம் வீட்டுத் தாழ்வாரத்தில் சாய்ந்து நிற்கும் சைக்கிளை அவ்வேளையில் எவரும் நினைப்பதில்லை. ஊவா மலைநாட்டிலே வாழும் குடும்பங்களுக்கு, பெற்றோல் செலவைத் தீர்மானிப்பது அந்தச் சைக்கிளேதான் என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். நாமும் அண்மையில்தான் அதனை அறிந்துகொண்டோம்.

பதுளை நகருக்கு மேலே, நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைக்குப் பெயர்பெற்ற ஸ்பிரிங்வெளி இருக்கிறது. நம்மிடம் முன்னாளில் பயின்ற ஒருவர் அப்பகுதித் தோட்டமொன்றிலே கிளாக்கராகப் பணியாற்றுகிறார். அவருடைய மகள் உயர்தரப் பரீட்சைக்கும், மகன் சாதாரண தரப் பரீட்சைக்கும் ஆயத்தமாகிறார்கள். காலையில் இருவரும் சைக்கிளில் பதுளைக்கு இறங்குகிறார்கள். பாடசாலை முடிந்ததும் நகரிலே ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்புக்கு அதே சைக்கிளில் செல்கிறார்கள். துன்பம் மாலையிலேதான் தொடங்குகிறது. வகுப்பு முடியும்போது கடைசி பஸ் போய்விடும். இருளிலும் பனிமூட்டத்திலும் அந்த ஏற்றத்தைச் சைக்கிளில் மிதித்து ஏறுவது இயலாத காரியம்.

"வகுப்பை நிறுத்திவிடச் சொல்லி அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள், சேர். பிள்ளையோ அழுகிறாள். கார் ஒன்று எடுத்தால் இரண்டு பேரையும் நானே கூட்டிவருவேன். எதை எடுக்கலாம்?" என்று அவர் நம்மை வந்து கேட்டார். மனைவியின் இரண்டு சோடிக் காப்புகளை அடகுவைத்து முற்பணம் கட்டி, எஞ்சியதை லீசிங் முறையில் செலுத்துவதாக அவர் திட்டமிட்டிருந்தார். தவறான வண்டியை வாங்கினால் காப்பும் போகும், வகுப்பும் போகும் என்பதை உணர்ந்து, நாமும் அவருடன் இக்கணக்கில் இறங்கினோம்.

மறக்கலாகாத ஆண்டு

பெற்றோலின் அருமையை நமக்குக் கற்பித்தது 2022 ஆம் ஆண்டு. அவ்வாண்டு யூன் மாத இறுதியில் ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் ஒன்று 470 ரூபாவாயிற்று. யூலையில் கியூ.ஆர். அனுமதி முறை வந்தபோது காருக்கு வாரமொன்றுக்கு 20 லீற்றரே அளந்து கொடுக்கப்பட்டது. பரணிலே கிடந்த சைக்கிள்கள் பல அப்போதுதான் தூசு தட்டப்பட்டன. அனுமதி முறை 2023 செப்டெம்பரில் நீங்கிற்று. 2020 மார்ச்சிலிருந்து தடைப்பட்டிருந்த தனியார் வாகன இறக்குமதியும் 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கிற்று. ஆயினும் அந்த நீண்ட வரிசைகளில் நின்றவர்கள் எவரும் பெற்றோலைத் தண்ணீராக எண்ணமாட்டார்கள்.

மலையின் கணக்கு

சமதரையில் ஓடும் வண்டிக்கும் மலையேறும் வண்டிக்கும் கணக்கு வேறு. பௌதிகம் பயிலும் மாணவர்கள் பின்வருவதைத் தாமே செய்து பார்க்கலாம். ஆட்களுடன் 1,200 கிலோகிராம் நிறையுள்ள வண்டியொன்று 500 மீற்றர் உயரம் ஏறுகிறது என்று கொள்வோம். அந்நிறையை அவ்வுயரத்துக்குத் தூக்கச் சுமார் 59 இலட்சம் யூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 320 இலட்சம் யூல் அடங்கியிருப்பினும், அதிற் காற்பங்கே சில்லுகளை வந்தடைகிறது எனலாம். ஆகவே தூக்குவதற்கு மட்டும் முக்கால் லீற்றர் வரை செலவாகிறது.

அவ்வண்டியில் 15 கிலோ நிறையுள்ள சைக்கிள்கள் இரண்டை ஏற்றினால் மேலதிகச் செலவு எவ்வளவு? ஏறத்தாழ 18 மில்லிலீற்றர். ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகம், அவ்வளவே! சைக்கிளின் பாரம் ஒரு பொருட்டன்று. அது நுழைவதற்கு இடமிருக்கிறதா என்பதே கேள்வி.

கூரையின் மேல் கட்டினால் என்ன என்று சிலர் கேட்பர். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். ஆதலால் நெடுஞ்சாலையில் கூரைச் சைக்கிள் பெற்றோலை விழுங்கும். மணிக்கு 25 கிலோமீற்றரில் ஊரும் தோட்டப் பாதையில் அந்த நஷ்டம் சொற்பமே. ஆனால் அன்றாடம் மழையிலே சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக் கட்டுவதும், தாழ்ந்த மரக்கிளைகளுக்கு அஞ்சி ஓட்டுவதும் எளிதல்ல. உள்ளே வைப்பதே உசிதம்.

உருளைக்கிழங்கு மூட்டையும் ஒரு காரும்

இவ்வாறு சுமையை முன்னிறுத்திக் கார் அமைத்தவர்கள் உண்டு. பிரான்சிலே சித்ரோவன் நிறுவனத்தின் தலைவர் பியர் புலாஞ்சே, இரு விவசாயிகளையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் சுமந்து, 100 கிலோமீற்றருக்கு 3 லீற்றர் பெற்றோலே குடிக்கும் வண்டி வேண்டும் என்றார். உழுத வயலைக் கடந்தாலும் கூடையிலுள்ள முட்டை உடையலாகாது என்பதும் அவர் நிபந்தனை. 1948 இல் பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த '2சி.வி.' வண்டிக்கு அமைந்தது துணிக்கூரை. இருக்கைகளையும் எளிதிற் கழற்றலாம். நம் காலத்திலே ஹொண்டா பிற் வண்டியில் பெற்றோல் தாங்கி முன் இருக்கைகளின் கீழ் அமைந்திருப்பதால், பின் இருக்கையின் மெத்தையை மேலே தூக்கி நிறுத்தி உயரமான பொருள்களை வைக்க முடிகிறது. இடம் என்பது வண்டியின் நீளத்தில் மட்டுமன்று, அதன் அமைப்பிலும் இருக்கிறது.

அளவு நாடாவும் ஒரு சைக்கிளும்

ஞாயிற்றுக்கிழமையொன்றில் கிளாக்கரும் மகளும் நாமும் வாகன விற்பனை நிலையமொன்றுக்குச் சென்றோம். எங்களுடன் சைக்கிளும் வந்தது. விற்பனையாளர் சிரித்தார். பெரியவர்களுடைய சைக்கிள் ஏறத்தாழ ஐந்தே முக்கால் அடி நீளம் உடையது; முன் சில்லைக் கழற்றினால் நாலரை அடியளவாகக் குறையும். அந்தப் பெண் அளவு நாடாவை விரித்து, ஒவ்வொரு வண்டியின் பின்கதவு வாயிலையும் அளந்து கொப்பியிற் குறித்தாள்.

பின்பெட்டி தனியாக உள்ள வண்டிகள் முதலிலேயே கழிந்தன. பெட்டி பெரிதாயினும் வாய் சிறிது. கிளாக்கர் மனம் பறிகொடுத்த சிறிய ஹைபிரிட் கார் ஒன்றில், பின் இருக்கை முழுவதையும் மடித்தபோது ஒரு சைக்கிள் நன்றாகப் படுத்தது. ஆனால் மூன்று ஆட்களும் இரண்டு சைக்கிள்களும் ஒன்றாகச் செல்ல வேண்டுமே! அது முடியவில்லை. கடைசியாக, மூலையில் நின்ற பழைய சுசூக்கி எவ்ரி வேனின் பின் இருக்கையில் ஒரு பாதியை மடித்தோம். முன் சில்லுகளைக் கழற்றிய இரண்டு சைக்கிள்கள் நிமிர்ந்தவாறு நுழைந்தன. மற்றப் பாதியில் ஒருவர் அமர இடமும் இருந்தது.

"ஆனால் வேன் கூடுதலாகக் குடிக்குமே, சேர்" என்றார் கிளாக்கர். மகள் கொப்பியைத் திருப்பிக் காட்டினாள்.

"அப்பா, சைக்கிள் மேலே வராவிட்டால் மறுநாள் காலையிலும் நீங்கள்தானே எங்களை இறக்க வேண்டும்?"

விஷயம் இதுவே. போய்வர 20 கிலோமீற்றர் என்றும், கார் லீற்றருக்கு 20 கிலோமீற்றரும் வேன் 13 கிலோமீற்றரும் ஓடும் என்றும் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கார் தினம் இரு தடவை போய்வர 2 லீற்றர் வேண்டும். சைக்கிள்களையும் ஏற்றிவரும் வேனோ மாலையில் ஒரு தடவை போய்வந்தாற் போதும். செலவு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர். அதிகம் குடிக்கும் வண்டியே குறைந்த செலவிலே குடும்பத்தை நடத்துகிறது!

நிற்க. ஹைபிரிட் வண்டியை நாம் குறைகூறவில்லை. இறக்கத்திலே பிறேக் பிடிக்கும் சக்தியை அது மின்கலத்தில் சேமிப்பது உண்மையே. நீண்ட இறக்கத்தில் மின்கலம் நிறைந்தபின் மேலதிகமாகச் சேமிக்க இயலாது என்பதையும் மலைநாட்டார் அறிந்திருக்க வேண்டும். ஒரு சைக்கிளும் இரண்டு ஆட்களும் போதும் என்ற குடும்பத்துக்கு அதுவே சிறந்ததாகவும் அமையலாம்.

சில எச்சரிக்கைகள்

வண்டிக்குள் வைக்கும் சைக்கிளைப் பட்டியால் இறுகக் கட்டவேண்டும். கட்டாத சைக்கிள், திடீரென நிறுத்தும்போது முன்னே பாய்ந்து ஆளைக் காயப்படுத்தும். சங்கிலியைச் சாக்கினால் மூடினால் சீருடை கெடாது. கழற்றிய முன் சில்லை மீண்டும் பூட்டியபின், இறங்குமுன் அதனையும் பிறேக்கையும் தந்தை ஒருமுறை சோதிப்பது அவசியம். தலைக்கவசமின்றி எவரும் இறங்கலாகாது. மழையும் மூடுபனியும் உள்ள காலைகளில் சைக்கிள் வீட்டிலேயே நிற்கட்டும். அன்று பஸ்ஸே துணை. பழைய வண்டியாயின், ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஏற்றமொன்றில் ஓட்டிப் பார்த்து, இயந்திரம் சூடேறுகிறதா என்று கவனித்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும்.

கிளாக்கர் அவ்வாறே ஓட்டிப் பார்த்து வேனை வாங்கினார். பழைய வண்டியாதலால் முற்பணமும் குறைந்தது. ஒரு சோடிக் காப்பு அம்மாளின் கையிலேயே தங்கிற்று. இப்போது மாலை வகுப்பு விடும் நேரத்தில் அந்த வேன் பதுளையிலே காத்து நிற்கிறது. அண்ணளவாக இரண்டு நிமிடத்தில் சில்லுகளைக் கழற்றிச் சைக்கிள்களை உள்ளே ஏற்றப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள். மகளின் வகுப்பை நிறுத்தும் பேச்சு அவ்வீட்டில் இப்போது எழுவதில்லை.