ஒரே ஒரு டிரா, பல லட்சம் பவுண்டு: சின்ன கிளப்புக்குக் கோப்பைப் போட்டி தர்ற பணம் எங்கே போகுது?

போன வீடியோல போனஸ் பணத்தை என்ன செய்யலாம்னு பேசினோம். இன்னைக்கு அதே விஷயம்தான், ஆனா சம்பளக்காரர் கதை இல்ல. இங்கிலாந்துல கடன்ல மூழ்கிக் கிடந்த ஒரு ஃபுட்பால் கிளப்போட கதை. ஃபுட்பால் பிடிக்காதவங்களும் படிக்கலாம், கோல் கணக்கை விட பவுண்டு கணக்குதான் இதுல அதிகம்.

முதல்ல எஃப்.ஏ. கப்னா என்னன்னு ரெண்டு வரில சொல்லிடறேன். இங்கிலாந்துல பிரீமியர் லீக்தான் உச்சம். அதுக்குக் கீழே படிப்படியா பல டிவிஷன்கள். லீக்ல ஒவ்வொருத்தரும் அவங்கவங்க படியிலதான் ஆடணும். ஆனா எஃப்.ஏ. கப்ல எல்லாரும் ஒரே பானைக்குள்ள. பகல்ல பிளம்பிங் வேலை பார்த்துட்டு சாயங்காலம் பந்து உதைக்கிறவங்க டீமும் அதுல இருக்கும், மான்செஸ்டர் யுனைடெட்டும் இருக்கும். ஜனவரியில நடக்கிற மூணாவது சுற்றுலதான் பெரிய கிளப்புகள் உள்ளே வரும். யாரு யாரோட மோதணும்னு குலுக்கல்ல முடிவாகும். சின்ன கிளப்புக்கு லாட்டரி அந்தக் குலுக்கல்தான்.

எக்சிட்டர் சிட்டி, 2005

இந்த கிளப் 1920லிருந்து ஃபுட்பால் லீக்ல இருந்தது. 2003ல முதல் தடவையா அதுலருந்து கீழே தள்ளப்பட்டு ஐந்தாவது படிக்குப் போச்சு. அதை விடப் பெரிய அடி, தலைக்கு மேல லட்சக்கணக்கான பவுண்டு கடன். கிளப்பை நடத்தின ரெண்டு பேர் பின்னாடி மோசடி வழக்குல குற்றவாளின்னு தீர்ப்பே வந்தது. கடைசியில ரசிகர்களே ஒரு டிரஸ்ட் மூலமா, மாசா மாசம் சின்ன சந்தா போட்டு, கிளப்பைக் கையில எடுத்தாங்க. எடுத்தாங்க சரி, பழைய கடனை யார் அடைக்கிறது?

அந்த நேரத்துலதான் குலுக்கல்ல மான்செஸ்டர் யுனைடெட் வந்தது. அதுவும் அவங்க மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுல.

இங்க நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கிற ஒரு பாயிண்ட் இருக்கு. சொந்த ஊர்ல ஆடினாதானே வசூல்னு நினைப்போம். அப்போ எஃப்.ஏ. கப் மூணாவது சுற்றுல டிக்கெட் வசூலை, செலவு போக, எப்படிப் பிரிச்சாங்கன்னா: ரெண்டு டீமுக்கும் ஆளுக்கு 45 சதவீதம், மீதி 10 சதவீதம் பொது நிதிக்கு. அப்படின்னா சின்ன கிளப்புக்கு ஆசை என்னவா இருக்கும்? எதிராளியோட மைதானம் முடிஞ்ச வரைக்கும் பெருசா இருக்கணும்!

2005 ஜனவரி 8. ஓல்ட் டிராஃபோர்டுல 67,551 பேர். டிக்கெட் சராசரியா 20 பவுண்டுன்னு நாமளே ஒரு பேச்சுக்கு வச்சுக்கலாம். மொத்தம் 13.5 லட்சம் பவுண்டு. அதுல 45 சதவீதம், ஏறக்குறைய 6 லட்சம் பவுண்டு (செலவைக் கழிக்காம). பவுண்டுக்கு 100 ரூபாய்னு எளிமையா போட்டா 6 கோடி ரூபாய். எக்சிட்டரோட சாதாரண லீக் மேட்சுக்கு மூவாயிரம், நாலாயிரம் பேர்தான் வருவாங்க. 3,500 பேர், ஆளுக்கு 12 பவுண்டுன்னா 42,000 பவுண்டு. அதாவது சொந்த ஊர்ல 14 மேட்ச் ஆடி எடுக்க வேண்டிய வசூல், ஒரே மத்தியானத்துல. ஒரு சீசனுக்கே சொந்த ஊர்ல 21 லீக் மேட்ச்தான்ங்கிறதையும் நினைவுல வச்சுக்கோங்க.

மேட்ச் என்னாச்சு? 0-0! யுனைடெட் இளம் பசங்க நிறைய பேரை இறக்கியிருந்தாங்கங்கிறது உண்மைதான். பின்னாடி ரொனால்டோவையும் ஸ்கோல்ஸையும் இறக்கியும் கோல் விழல. டிரா ஆனதால மறு ஆட்டம், இந்தத் தடவை எக்சிட்டர்ல. ஜனவரி 19ல ரொனால்டோவும் ரூனியும் கோல் போட்டு 2-0ன்னு முடிச்சாங்க. எக்சிட்டர் தோத்தது. ஆனா ரெண்டாவது ஹவுஸ்ஃபுல், டிவி பணம் எல்லாம் சேர்ந்து, கடன்காரங்களோட ஒரு ஒப்பந்தத்தின் கீழ கடனைத் தீர்க்கிற அளவுக்குக் கைக்கு வந்துடுச்சு. கிளப் பிழைச்சது.

எனக்கு இதுல பிடிச்ச இடம் மேட்ச் இல்ல, அதுக்கப்புறம்தான். வந்த பணத்துல புது ஸ்ட்ரைக்கர் வாங்கிடலாம், சம்பளத்தை ஏத்தலாம், உடனே மேல போயிடலாம்னு ஒரு குரல் எந்த கிளப்லயும் இருக்கும். ஆட்டக்காரர் சம்பளம்ங்கிறது ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஒப்பந்தம். இ.எம்.ஐ. மாதிரிதான். ஒரு தடவை வந்த பணத்தை நம்பி மாசா மாசம் போற செலவை ஏத்திக்கிட்டா, அடுத்த ஜனவரியில குலுக்கல் கை விட்டா என்ன செய்வீங்க? எக்சிட்டர் முதல்ல கடனைத்தான் பார்த்தது. மேல ஏறினது நிதானமா, 2008ல ஒரு படி, 2009ல இன்னொரு படி. இன்னைக்கும் அது ரசிகர்களோட கிளப்தான்.

அப்புறம் அவங்க காசு பார்த்த வழியே வேற. சொந்த அகாடமியில பசங்களை வளர்த்து விக்கிறது. ஆலி வாட்கின்ஸ் அங்க வளர்ந்தவர்தான். 2017ல பிரென்ட்ஃபோர்டுக்கு வித்தாங்க, விக்கும்போதே 'பின்னாடி நீங்க வித்தா எங்களுக்கும் ஒரு பங்கு'ன்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்கிட்டாங்க. 2020ல அவர் ஆஸ்டன் வில்லாவுக்குப் போனப்போ எக்சிட்டருக்கு மறுபடியும் பணம் வந்தது. கப் வரவு குலுக்கலை நம்பி இருக்கு, இது அகாடமியை நம்பி இருக்கு.

ஆளே இல்லாத மேட்ச்ல 30,697 டிக்கெட்

மரீன்னு ஒரு கிளப், லிவர்பூல் பக்கத்துல கிராஸ்பிங்கிற ஊர். எட்டாவது படி. 2021 ஜனவரியில குலுக்கல்ல மொரின்யோவோட டாட்டன்ஹாம் கிடைச்சது, அதுவும் சொந்த மைதானத்துல. ரெண்டு டீமுக்கும் நடுவுல 161 இடம். மைதானத்தோட ஒரு பக்கம் வரிசையா வீடுகள், பின்கட்டுல நின்னா மேட்ச் தெரியும். இப்படி ஒரு ஜாக்பாட் அடிச்ச நேரம் பார்த்து கோவிட், ரசிகர்களுக்கு அனுமதி இல்ல!

சும்மா உக்காரலை அவங்க. 10 பவுண்டுக்கு 'விர்ச்சுவல் டிக்கெட்' வித்தாங்க. அதை வச்சுக்கிட்டு உள்ளே போக முடியாது. ஆனா வாங்கினவங்க பேர் குலுக்கல்ல சேரும், ஜெயிச்சவர் ஒரு நட்பு ஆட்டத்துக்கு மரீனோட மேனேஜரா இருக்கலாம். டாட்டன்ஹாம் ரசிகர்களும் அள்ளி வாங்கினாங்க. 30,697 டிக்கெட். பத்தால பெருக்கினா 3 லட்சம் பவுண்டுக்கு மேல. அந்த மைதானத்துல மொத்தமே மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் கொள்ளும். கதவு திறந்திருந்தாக்கூட டிக்கெட்ல இவ்வளவு வந்திருக்காது. மேட்ச் 0-5. அதைப் பத்தி யாருக்குக் கவலை?

இதுக்கு நேர் எதிரான கதை ஹெரிஃபோர்டு யுனைடெட். 1972ல நியூகாசிலை மறு ஆட்டத்துல 2-1ன்னு தோற்கடிச்சாங்க. இங்கிலாந்துல இன்னைக்கும் டிவில போடற கோல் அது. அதே வருஷம் ஃபுட்பால் லீக்லயும் இடம் கிடைச்சது. 2014 டிசம்பர்ல கடன் பாக்கிக்காக உயர்நீதிமன்றம் அந்த கிளப்பையே கலைச்சிடுச்சு. ரசிகர்கள் வேற பேர்ல புதுசா ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு.

இப்போ விதி மாறிடுச்சு

2024-25 சீசன்லருந்து முதல் சுற்று தொடங்கி மறு ஆட்டமே கிடையாது. பெரிய கிளப்புகளுக்கு ஐரோப்பிய மேட்சுகள் கூடிடுச்சு, காலண்டர்ல இடம் இல்லைங்கிறது காரணம். பதிலுக்குக் கீழ்மட்ட ஃபுட்பாலுக்கு பிரீமியர் லீக் கூடுதல் நிதி தருதுன்னு சொன்னாங்க.

2025 ஜனவரி 12ல டாம்வொர்த்துங்கிற ஐந்தாவது படி கிளப், தன்னோட சின்ன மைதானத்துல டாட்டன்ஹாமை 90 நிமிஷம் 0-0ன்னு நிறுத்தி வச்சது. அவங்க கோல்கீப்பருக்குக் கட்டட சர்வேயர் வேலை. பழைய விதின்னா அந்த விசில் அடிச்சதுமே டாம்வொர்த்துக்கு லண்டன் டிக்கெட், 62,850 பேர் உட்காரக்கூடிய மைதானத்துல மறு ஆட்டம். பாதி நிறைஞ்சு, டிக்கெட் 20 பவுண்டுன்னு போட்டாக்கூட 6 லட்சத்துக்கு மேல வசூல். பழைய 45 சதவீதத்துல ஏறக்குறைய 2.8 லட்சம் பவுண்டு. மறு ஆட்டத்துல பத்து கோல் வாங்கினாலும் அந்தப் பணம் அவங்களுக்குத்தான்.

புது விதியில எக்ஸ்ட்ரா டைம் போட்டாங்க. அரை மணி நேரத்துல 3-0, டாட்டன்ஹாம் ஜெயிச்சது. அந்த சீசன்ல மூணாவது சுற்றுல ஜெயிச்சா பரிசு 1,15,000 பவுண்டு, தோத்தா 25,000. டாம்வொர்த் அந்த 25,000த்தோடயும், சொந்த மைதான வசூல்ல தன் பங்கோடயும், டிவி பணத்தோடயும் வெளியே வந்தது.

எக்சிட்டருக்கு 2005ல இந்த விதி இருந்திருந்தா? ஓல்ட் டிராஃபோர்டுப் பணம் எப்படியும் வந்திருக்கும். சொந்த ஊர்ல அந்த ரெண்டாவது ராத்திரி வந்திருக்காது. பெரிய கிளப்புக்கு ஒரு மேட்ச் கம்மியாகுதுன்னு சின்ன கிளப்போட ஒரு வருஷ பட்ஜெட்டைத் தூக்கினது நியாயமா எனக்குப் படலை. பொது நிதிக்குக் கூடுதலாப் போட்டாச்சுல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. உங்க பக்கம் எதுன்னு கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோல எடுத்துப் பேசுவோம்.