செரு தணிந்த மலையும் சிலம்பக் கோலும்

சூரபத்மனோடு பொருத சினம் தணிந்து முருகப்பெருமான் அமர்ந்தருளிய தலம் திருத்தணிகை. செரு தணிந்ததால் ‘செருத்தணி’. அதுவே திருத்தணி ஆயிற்று என்பர். கந்த சஷ்டியில் இங்கு சூரசம்ஹாரம் இல்லை, புஷ்பாஞ்சலியே நடைபெறுகிறது.

சென்ற கிருத்திகையன்று 365 படிகளையும் என்னுடன் ஏறிய பெயர்த்தி, “தாத்தா, நான் சிலம்பம் கற்றுக்கொள்ளட்டுமா?” என்றாள். “பெண் குழந்தைக்குக் கம்பு எதற்கம்மா?” என்று தடுத்துவிட்டேன். சன்னிதியில் வேலவனை வணங்கியபோது என் சொல்லே என்னை உறுத்தியது.

மதுரை மீனாட்சியம்மை தடாதகைப் பிராட்டியாக அவதரித்துப் படைக்கலம் பயின்று திக்விஜயம் செய்ததைத் திருவிளையாடற்புராணம் கூறுகிறது. போர்ப்பயிற்சி பெற்றிருந்த வேலுநாச்சியார், 1772இல் கணவரை இழந்தும் கலங்காமல், 1780இல் சிவகங்கையை மீட்டார். கேரளத்து வடகரையில் ஏழு வயதில் களரி பயிலத் தொடங்கிய மீனாட்சியம்மா, எழுபது வயதைக் கடந்தும் கற்பித்து, 2017இல் பத்மஸ்ரீ பெற்றார்.

மறுவாரமே பெயர்த்தியைப் பயிற்சிக்கு அனுப்பினேன். முதலில் நிலத்தையும் ஆசானையும் வணங்குதல். பிறகு காலடி வரிசை. அதன் பின்னரே புருவ உயரக் கம்பு கைக்கு வருகிறது. உடல் உறுதியும், பார்வைக் கூர்மையும், மூச்சின் ஒழுங்கும் வளர்கின்றன. தெருவில் தலைகுனிந்து நடந்தவள் இன்று நிமிர்ந்து நடக்கிறாள். முன்பு தம்பியிடம் எடுத்ததற்கெல்லாம் சினந்தவள், இப்போது பொறுமை காக்கிறாள்.

வலிமையோடு சினம் தணிதலும் சேர்ந்து வருவதே தணிகை வேலன் உணர்த்தும் நெறி. பெயர்த்தி கேட்டால், பெரியோர்களே, என்னைப்போல் தடுக்காதீர்கள். ஆசி கூறி அனுப்புங்கள்.