கிணற்று மிதவை ஆளியும் உவர்நீர்த் தடுப்பும்

கல்குடா, பாசிக்குடா, வாழைச்சேனைப் பகுதிகளில் மணற்றரையிலே தோண்டப்படும் கிணறுகள் ஆழமற்றவை. ஒரு புறம் கடலும் மறுபுறம் களப்பும் கிடக்க, மாரி மழையின் நீர் மணலுள் ஊறி, கீழுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. நன்னீர் பாரம் குறைந்தது. கடல்நீர் அதனிலும் நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. ஆதலின் கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழ் நாற்பது அடி நன்னீர் தாங்கி நிற்கும். ஜேர்மனியரான ஹேர்ஸ்பேக் என்பவர் 1901-ஆம் ஆண்டில் விளக்கிய கணக்கு இது. கிணற்று நீரைப் பம்பியினால் விரைந்து இறைத்து ஓரடி தாழ்த்தினால், கீழிருக்கும் உவர்நீர் அக்கிணற்றை நோக்கிக் கூம்பு போல எழத் தொடங்கும். எழுவது விரைவில் நிகழும். தணிவதற்கோ நெடுநாட் செல்லும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளிற் புகுந்தபின், அவற்றை மீண்டும் மீண்டும் இறைத்து வற்றச் செய்து உப்பை நீக்கப் பலர் முயன்றனர். அவ்வாறு இறைத்தது பெரும் பயன் தரவில்லை. மாரி மழையே உப்பைக் கழுவிற்று.

மிதவை ஆளியைப் பம்பி எரியாமற் காக்கும் கருவியென்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அதனால் உறிஞ்சு குழாயின் அடி வால்வுக்குச் சற்று மேலே, கிணறு ஏறத்தாழ வற்றும் மட்டத்தில் அதனைக் கட்டிவிடுகின்றனர். வேறிடங்களில் இது போதும். இம்மணற்றரையில் பம்பி பிழைக்கும், கிணறு பிழைக்காது.

நிறுத்தும் மட்டத்தை அறியும் முறை

ஆவணி மாதத்தில், நீர் மிகத் தாழ்ந்திருக்கும் காலத்தில், இரவு முழுதும் இறைக்காது விட்ட கிணற்றின் நீர்மட்டத்தைக் காலையில் கயிறிட்டு அளந்து குறித்துக் கொள்க. பின்னர் பம்பியை இயக்கிக் கால் மணிக்கு ஒரு முறை வெளிவரும் நீரை மின்கடத்துதிறன் மானியால் அளந்து, நீர்மட்டத்தையும் உடன் குறிக்க வேண்டும். அளவு ஏறத் தொடங்கும் மட்டம் எதுவோ, அதற்கு ஒரு சாண் மேலே பம்பி நிற்குமாறு மிதவையை அமைத்திடுக. வெங்காயத்திற்கு மீற்றருக்கு 0.8 டெசிசீமனுக்கும், மிளகாய்க்கு 1.0 டெசிசீமனுக்கும் மேற்பட்ட நீர் விளைச்சலைக் குறைக்கத் தொடங்கும், நிலக்கடலை 2.1 வரை தாங்கும். நாவினாற் சுவைத்துப் பார்த்தல் இதற்கு உதவாது. வெங்காயம் நாவை முந்திக்கொண்டு உப்பை அறிந்துவிடும்.

இணைப்பு

மிதவையினுள்ளே உருளும் குண்டொன்றும் சிறு ஆளியொன்றும் உள. மிதவை மேல்நோக்கிச் சாயும்போதும் கீழ்நோக்கித் தொங்கும்போதும் குண்டு உருண்டு ஆளியை மாற்றும். கிணற்று மிதவை, நீர் உயர்ந்திருக்கும்போது மின்சுற்றை மூட வேண்டும். தொட்டி மிதவையோ நீர் தாழ்ந்திருக்கும்போது மூட வேண்டும். மூன்று கம்பிகளுள்ள மிதவைகளில் இவ்விரு முறைக்கும் இடமுண்டு. கம்பியின் நிறத்தை மட்டும் நம்பாது, செய்தோர் தந்த தாளுடன் ஒப்பிட்டு, மானியாற் சோதித்துக் கொள்க. இரண்டையும் உயிர்க் கம்பியில் தொடராக இணைத்தால், கிணற்றில் நீரும் தொட்டியில் இடமும் உள்ளபோது மட்டுமே பம்பி ஓடும்.

ஒரு பரிவலுப் பம்பி 230 வோல்ற்றில் ஏறத்தாழ 6 அம்பியர் இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதன் ஐந்தாறு மடங்கு. மிதவையின் ஆளி அதனைத் தாங்குமா என்பதை அறிந்து, ஐயமிருப்பின் கொன்டாக்டர் ஒன்றின் வழியாகப் பம்பியை இயக்குக. நீரும் மின்சாரமும் ஒரே கிணற்றில் இருத்தலின், புவித்தொடுப்பும் 30 மில்லி அம்பியரில் அறுபடும் ட்ரிப் சுவிட்சும் இன்றியமையாதன. கம்பி மூட்டு எதுவும் கிணற்றினுள் இருத்தலாகாது. இவ்வேலையைத் தகுதிபெற்ற மின்வேலையாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

மிதவைக்கும் பாரக்கட்டிக்கும் இடைப்பட்ட கம்பி நீளமே, பம்பி நிற்கும் மட்டத்திற்கும் மீண்டும் தொடங்கும் மட்டத்திற்கும் இடைவெளியை நிர்ணயிக்கின்றது. அது குறுகிவிட்டால் பம்பி அடிக்கடி நின்று தொடங்கி மோட்டார் சூடேறும். மிதவை சுவரிலும் குழாயிலும் மாட்டாது ஆடும்படி தொங்கவிடுக.

இவ்வாறு அமைத்தபின், பம்பி முன்னிலும் விரைவாக நின்றுவிடுகின்றது என்று குறைகூறத் தோன்றும். பெரிய பம்பியை விற்றுச் சிறியதொன்றை வாங்கி, நாளின் பல வேளைகளிற் சிறிது சிறிதாகத் தொட்டியை நிரப்பி, அதிலிருந்து பாய்ச்சுவதே இதற்கு வழி. மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்திருப்போர் மிதவை கட்ட முடியாவிடினும், கிணற்றின் வளையத்தில் அந்த மட்டத்திற்குச் சிவப்புக் கோடு தீட்டி, நீர் அதனைத் தொட்டதும் இயந்திரத்தை நிறுத்தலாம். ஆண்டுதோறும் மழை வேறுபடுமாதலால், கோட்டையும் மிதவையையும் ஒவ்வோர் ஆவணியிலும் மீண்டும் அளந்து சரிசெய்க.